பக்கத்து நாட்டு வெளிநாட்டுக்காரன்

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டியதில்லை; 2006 முதல் இலங்கையும் நம் நேரத்தில்தான் ஓடுகிறது. கட்டுநாயக்காவில் இறங்கினால் அறிவிப்புப் பலகையிலேயே தமிழ் இருக்கிறது. அதனால் "ஃபாரின்ல வேலை" என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம். மதுரையில் என் பெரியப்பா இதை வெளிநாட்டுக் கணக்கில் சேர்த்ததே இல்லை. துபாய், சிங்கப்பூர் என்றால்தான் அவருக்கு வெளிநாடு. கொழும்பு என்றால் அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் கடை வைக்கப் போன இடம், அவ்வளவே.

காகிதத்தில் மட்டும் நான் முழு வெளிநாட்டுக்காரன். வதிவிட விசா இருக்கிறது. அதைப் புதுப்பிக்கும் காலம் வந்தால் கம்பெனிக் கடிதத்தோடு பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்கு அலைய வேண்டும். வீடு தேடிய நாட்களில் ஒரு தரகர் என் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் வாடகையை ஏற்றிச் சொன்னார். தொலைபேசியில் அவரே முதலில் சொன்ன தொகை வேறு. இந்தியாவிலிருந்து வந்தவன் என்றால் ஐடி சம்பளம் என்று ஒரு நினைப்பு. நானோ கணக்கு எழுதிப் பிழைப்பவன். முதல் சில வாரங்கள் கண்ணில் பட்ட விலையையெல்லாம் மூன்றரையால் வகுத்து இந்திய ரூபாய் ஆக்கிக்கொண்டே திரிந்தேன். இளநீர் விலையைக்கூட வகுத்தேன். அந்தப் பழக்கம் எப்போது விட்டுப்போனது என்று தெரியவில்லை.

கடைசியில் வீடு அமைந்தது வெள்ளவத்தையில். கொழும்பில் தமிழர் நெருக்கமாக வாழும் பகுதிகளில் ஒன்று. 'காலி வீதி' என்ற பிரதான சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் (நம் ஊர்ச் சந்து) ஒன்றில் மாடி வீடு. ஒழுங்கை முடியும் இடத்தில் மெரைன் டிரைவ், அதற்கு அப்பால் தண்டவாளம், அதற்கும் அப்பால் நேராகக் கடல். நடுவில் மணல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சென்னையில் இருந்தவனுக்குக் கடலில் சூரியன் உதிக்க வேண்டும், இங்கே மறைகிறது. வேலை முடிந்து வந்து மேலே துணி எடுக்கப் போகும் நேரத்தில் சரியாக அது நடக்கும் என்பதால், ஒரு சட்டையை எடுப்பதற்கு அரை மணி நேரம் ஆகிவிடும்.

கீழ்வீட்டு அன்ரிதான் வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைத் 'தம்பி' என்றும் 'நீங்கள்' என்றும் ஒரே வாக்கியத்தில் அழைப்பார். காலையில் பாண், அதாவது பிரெட், விற்கும் ஆட்டோ பேத்தோவனின் பியானோ மெட்டு ஒன்றைக் கீச்சுக் குரலில் இசைத்தபடி ஒழுங்கைக்குள் நுழையும். சூன் பாண் என்கிறார்கள். மேதை ஒருவர் மீன் வைத்த மாலு பாணுக்கும் சீனிப் பணிஸுக்கும் விளம்பரம் செய்கிற ஊர் உலகில் வேறெங்கும் இருக்குமா என்று தெரியாது. மதியத்துக்குச் சோற்றுப் பார்சல்: சிவப்பரிசிச் சோறு, பருப்பு, ஒரு கீரைச் சுண்டல், பலாக்காயோ பீட்ரூட்டோ, ஒரு மீன் துண்டு, நொறுங்கிய அப்பளம். இரவில் இடியப்பமும் சொதியும் சம்பலும். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தோசைக்குச் சாம்பார் கேட்டாலும் தருகிறார்கள். அதைச் சாம்பார் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை, அது வேறு விஷயம்.

வேலைநாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 100-ஆம் இலக்க பஸ், முன்னிருக்கை மதகுருமாருக்கு, பின்னால் ஸ்பீக்கரில் சிங்களப் பாட்டு, பக்கத்தில் ஓடும் இன்னொரு பஸ்ஸோடு பந்தயம், கொள்ளுப்பிட்டியில் இறக்கம். அலுவலகத்தில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருமே ஒருவரையொருவர் 'மச்சான்' என்கிறார்கள். என்னையும் இரண்டாம் வாரத்திலேயே மச்சான் ஆக்கிவிட்டார்கள்.

வார இறுதிதான் பேச வேண்டிய விஷயம். அதிலும் போயா.

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. போயா தினம். அன்று மதுக்கடை கிடையாது, இறைச்சிக் கடை கிடையாது. எனக்கு இதை யாரும் முறைப்படி விளக்கவில்லை. முந்தைய நாள் மாலை அன்ரி படிக்கட்டில் நின்று, "தம்பி, நாளைக்குப் போயா. இறைச்சி வேணுமெண்டா இண்டைக்கே வாங்கி வையுங்கோ" என்றார். அவ்வளவுதான் பாடம். நிலவைப் பார்த்து லீவு வருவது நம் ஊரில் பழகாதது. அது செவ்வாய்க்கிழமை வரும், புதனில் வரும், யாரைக் கேட்டும் வராது. வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் மூன்று நாள் சேர்ந்துவிடும். அப்போது மலைநாட்டுக்குப் போகும் ரயில் இருக்கைகள் முன்பதிவு திறந்ததும் காலியாகும். வருஷத் தொடக்கத்திலேயே காலண்டரை வைத்துக்கொண்டு பென்சிலால் சுழிப்பது இங்கே எல்லா அலுவலகத்திலும் நடக்கும் தேசிய விளையாட்டு.

போயாக்களில் பெரியது மே மாத வெசாக். வீட்டு வாசல்களில் காகித விளக்குக் கூடுகள், சந்திகளில் ஆளுயரத்துக்கு மேல் பல மடங்கு எழும்பும் மின்விளக்குத் தோரணங்கள், தெருவோரம் தன்சல். தன்சல் என்பது அன்னதானப் பந்தல். சோறு தருவார்கள், அவித்த மரவள்ளி தருவார்கள், ஐஸ்கிரீம்கூடத் தருவார்கள். பணம் வாங்க மாட்டார்கள். போகிற வாகனத்தை மறித்து நிறுத்தி, கையில் திணித்து அனுப்புவதும் உண்டு. பேரை வாவிப் பக்கம் கூட்டத்தோடு நடந்தபோது, யார் எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசையில் நின்றால் தட்டு வருகிறது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் மோர்ப்பந்தல் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் அந்நியமாக ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் நேர் எதிர். சிங்களப் புத்தாண்டும் தமிழ்ப் புத்தாண்டும் ஒன்றாக வருகின்றன. நகரம் முழுக்கச் சொந்த ஊருக்குப் போய்விடும். காலி வீதியில் நடுரோட்டில் நின்று போட்டோ எடுக்கலாம். சாப்பாட்டுக் கடைகள் பாதிக்கு மேல் பூட்டு. ஊருக்குப் போகாத வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் கையில் பையோடு திறந்த கடை தேடிச் சுற்றுவோம். ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்வோம்.

சரி, வெளியூர். இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஒரு வேன் பிடித்து, விடியுமுன் கிளம்பி, சிகிரியா, தம்புள்ளை இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டு நள்ளிரவில் திரும்புவதைப் பெரிய சாதனையாகச் சொல்வார்கள். நானும் போனேன். போக நாலு மணி நேரத்துக்கு மேல், வரவும் அப்படியே. சிகிரியாப் பாறையின் அடியில் நின்றதை விடக் குருநாகல் பக்கம் டிராஃபிக்கில் நின்றதுதான் அதிகம். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் தன் தம்பிக்குப் பயந்து கட்டிய கோட்டையை நாம் டிரைவரின் கடிகாரத்துக்குப் பயந்து ஓடிப் பார்க்கிறோம். அங்கேயே ஒரு இரவு தங்க முடியாதென்றால் போகாமலே இருக்கலாம் என்பது என் கட்சி.

அங்கேதான் சீட்டுக் கவுண்டர் விவகாரம். உள்ளூராருக்குச் சில்லறைக் காசு. வெளிநாட்டவருக்கு டாலர்: நான் போனபோது 30. சார்க் நாட்டவர் என்று பாஸ்போர்ட்டைக் காட்டினால் பாதி. ஆக நான் அரை வெளிநாட்டுக்காரன்! கூட வந்த அலுவலகத் தம்பி ஒருவன் பதுளைக்காரன், மலையகத் தமிழன். "அண்ணே, வாயத் தொறக்காம என் பின்னாடி வாங்க, நான் சிங்களத்துல பேசி எடுத்துடுறேன்" என்றான். என் முகமும் நிறமும் யாருக்கும் சந்தேகம் தராது. ஆனால் வாயைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க இருப்பது எனக்குப் பதினைந்து டாலரை விடக் கஷ்டம். பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

நகரத்துக்குள்ளேயே ஒரு சனிக்கிழமைக்கு ஏற்ற இடம் தேசிய அருங்காட்சியகம். 1877-இல் திறந்த வெள்ளைக் கட்டடம், முன்னால் பெரிய ஆலமரம். பலரும் கண்டி மன்னனின் சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் அங்கே போவது ஒரு கல்லுக்காக. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நிறுத்திய கல். 1409-ஆம் ஆண்டு என்று அதில் பொறித்திருக்கிறது. 1911-இல் தெற்கே காலி (Galle) நகரில் கண்டெடுத்தபோது அது ஒரு வாய்க்கால் மூடியாகக் கிடந்ததாம். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தென்கோடியில் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாருக்கு. பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்று.

இந்தக் கல்லில் எனக்குப் பிடித்தது அதன் வியாபாரப் புத்தி. சீனத்திலிருந்து கப்பலில் வரும் ஒருவர், இந்தத் தீவின் துறைமுகத்தில் யார் யார் நிற்பார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, மூன்று தரப்புக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டு வருகிறார். ஒருவரையும் விட்டுவிடவில்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்க வேண்டியவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்லின் முகம் தேய்ந்துவிட்டது. தமிழ் எழுத்தை நம்மால் சட்டென்று படிக்க முடியாது. சாய்வாக வெளிச்சம் பட்டால் மட்டும் ஓரிரண்டு எழுத்து தெரியும். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் அதைக் கடந்து ஓடியது. அவர்களுக்கு அடுத்த அறையில் ஏதோ வாள் இருந்தது.

காலிக்கு நான் போவது எப்போதும் ரயிலில்தான். மாகும்புறவிலிருந்து அதிவேகச் சாலை பஸ் பிடித்தால் பாதி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ரப்பர் மரங்களைத் தவிர ஒன்றும் பார்க்கக் கிடைக்காது. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து காலி வரை சுமார் 116 கிலோமீட்டர், எக்ஸ்பிரஸில் இரண்டரை மணி நேரம். மூன்றாம் வகுப்புப் பெட்டி, கதவோரம் தொங்கும் பையன்கள், வடை விற்பவர், கண் தெரியாமல் பாடிக்கொண்டு வரும் ஒருவர். அம்பலாங்கொடையைத் தாண்டி ஹிக்கடுவைக்கு முன்னால் பெரலிய வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இங்கேதான் ஒரு ரயிலையே புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலக ரயில் விபத்துகளிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று. தண்டவாளத்துக்கு அருகே நினைவுச்சின்னம் தெரியும். பெட்டிக்குள் சத்தம் குறைவதெல்லாம் இல்லை. வடைக்காரர் விற்றுக்கொண்டேதான் போவார். தினமும் போகிறவர்களுக்கு வேறெப்படி?

காலிக் கோட்டையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். போர்த்துகீசியர் தொடங்கி, டச்சுக்காரர்கள் பெரிதாகக் கட்டியது, 1988 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். இப்போது பாதி காபிக் கடை. மதிலில் நடக்க மட்டும் போகலாம், அதற்குக் காசு இல்லை.

மலைக்கு வருகிறேன். சிவனொளிபாதமலை, 2,243 மீட்டர். உச்சியில் பாறையில் ஒரு பாதச் சுவடு. சைவர்களுக்குச் சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதம் என்பார்கள். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சீசன். பதுளைத் தம்பிதான் அழைத்துப் போனான். அட்டன் வரை ஒரு பஸ், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு இன்னொன்று. நள்ளிரவுக்குப் பிறகு ஏறத் தொடங்கினால் விடியலுக்கு உச்சி. ஐயாயிரத்துக்கும் அதிகமான படிகள். விளக்கு வரிசை மேலே போய்க்கொண்டே இருக்கும். அதில் எங்கே மலை முடிந்து நட்சத்திரம் தொடங்குகிறது என்று தெரியாது. வெள்ளை உடுத்திய கிழவிகள் கைத்தாங்கலாகக் கவி பாடியபடி ஏறுகிறார்கள். என் முழங்கால் நடுவழியில் பேசத் தொடங்கியது. தொண்ணூறு வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகு உட்காரக் கூச்சமாக இருந்தது.

வழியெங்கும் டீக்கடைகள். ஒரு கடையில் பிளேன் டீயும் கருப்பட்டித் துண்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா தமிழ், அருகிலுள்ள தோட்டத்தைச் சேர்ந்தவர். என் பேச்சைக் கேட்டதும், "இந்தியாவா? எந்த ஊரு?" என்றார். மதுரை என்றேன். "எங்க பாட்டன் ஊரும் அந்தப் பக்கந்தான்னு சொல்லுவாங்க. பேரு தெரியாது" என்று அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போய்விட்டார்.

தம்பி தன் குடும்பக் கதையைச் சொன்னது அங்கேதான். பிரிட்டிஷ்காரர்கள் முதலில் காபிக்கும் பிறகு தேயிலைக்கும் தென் தமிழகத்திலிருந்தும் திருச்சிப் பக்கமிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். தலைமுறைகள் இங்கேயே பிறந்து வளர்ந்த பிறகு, 1948-இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு இன்னொரு ஒப்பந்தம் 1974-இல். தம்பியின் தாத்தா இங்கே நின்றுவிட்டார். தாத்தாவின் அண்ணன் குடும்பம் கப்பல் ஏறி, கோத்தகிரிப் பக்கம் போய் மறுபடியும் தேயிலையே பறித்தது. அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரங்க'. இங்கே இருந்தவரை 'இந்தியாக்காரங்க'. இங்கே எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கல் சட்டப்படி தீர்ந்தது 2003-இல்தான்.

"உங்களுக்காவது கையில பாஸ்போர்ட் இருக்குண்ணே. எங்க தாத்தாகிட்ட அதுவும் இல்ல" என்றான் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, இன்னும் ஆயிரம் படி இருக்கிறது என்று எழுப்பினான். சிகிரியா கவுண்டரில் அவன் எனக்கு உள்ளூர்ச் சீட்டு எடுத்துத் தர முன்வந்ததை நான் அப்போது வேறு மாதிரி நினைத்துப் பார்த்தேன்.

உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை முறை அடிக்க வேண்டும். என் ஒற்றை அடிக்குப் பின்னால் ஒரு பெரியவர் அடிக்கத் தொடங்கி நிறுத்தவே இல்லை, எண்ணிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். சூரியன் எழும்பியதும் மறுபக்கம் மேகத்தின் மேல் மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக விழும். அதைப் பார்த்துவிட்டு இறங்குவதுதான் உண்மையான சோதனை. அடுத்த மூன்று நாள் அலுவலகப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். சிங்கள நண்பர்கள் பார்த்ததுமே எங்கே போய் வந்தேன் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

எல்லா வாரமும் இப்படி ஏற முடியாது. பெரும்பாலான சனிக்கிழமைகள் கொழும்பின் கடைவீதிப் பகுதியான புறக்கோட்டையில் போகும். ஞாயிறு அங்கே கடைகள் பெரும்பாலும் மூடி என்பதால் சனிதான் சரி. செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள்; ஆடிவேல் திருவிழாத் தேர் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கொஞ்சம் தள்ளிச் சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட சம்மாங்கோடு பள்ளிவாசல், இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1909-இல் கட்டி முடித்தது. இன்னும் வடக்கே நடந்தால் கொச்சிக்கடை. அங்கே பொன்னம்பலவாணேசர் கோயில், பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் எடுப்பித்தது. உள்ளே நுழைந்தால் வெளியே உள்ள லாரிச் சத்தமும் வெயிலும் வாசலோடு நின்றுவிடுகின்றன. எண்ணெய் வாசனை அப்படியே நம் ஊர். அதே வட்டாரத்தில் அந்தோனியார் கோயில். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் தாக்கப்பட்ட இடங்களில் ஒன்று. செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள்.

மழைக்காலம் பற்றி ஒரு வார்த்தை. மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொழும்புக் கடல் சேறு நிறத்தில் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் திருகோணமலைப் பக்கம் கடல் அமைதி. கார்த்திகைக்குப் பிறகு நிலைமை தலைகீழ். இந்தக் குட்டித் தீவில் பெரும்பாலும் ஏதோ ஒரு பக்கம் நனையாமல் இருக்கும். எங்கே போவது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் எந்த மாதம் என்றுதான் கேட்பேன்.

போன முறை பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். நாலு நாளில் கண்டி, நுவரெலியா, சீதையம்மன் கோயில், திருக்கேதீச்சரம் என்று ஒரு பட்டியலோடு வந்தார்கள். வேன், டிரைவர் எல்லாம் மதுரையிலிருந்தே பேசி முடித்தாகிவிட்டது. எனக்கென்று ஒரு நாள் கேட்டு வாங்கிக் காலி ரயிலில் ஏற்றினேன். பெரியப்பா பாணந்துறை வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்து இருக்கைச் சிங்களப் பெரியவரோடு, இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லாமலே, கிரிக்கெட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். முரளி, ஜெயசூரியா, டெண்டுல்கர் என்று பெயர்களும் கையசைவுகளும் போதுமாக இருந்தன. இறங்கும்போது அந்தப் பெரியவர் ஒரு பை நிறைய ரம்புட்டான் கொடுத்தார். ஊருக்குப் போன பிறகு பெரியம்மா போனில் சொன்னது, இவர் எல்லோரிடமும் "ஃபாரின் போய்ட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

யாராவது வருவதாக இருந்தால் ஒன்று மட்டும்: காலிக்குப் போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். ஞாயிறு மாலை வண்டியில் அதெல்லாம் நடக்காது; நிற்க இடம் கிடைத்தாலே பெரிது.